இரண்டாவது லாரி

யுத்த காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களில் இன்னும் மிச்சமிருக்கிற நம்மைப் போன்ற நாலு பேருக்குத்தான் இது தெரியும். பட்டாளத்து லாரி வருகிறது என்றால் ஒரு பயமும், ஓடிப்போய்ப் பார்க்கிற ஆசையும் சேர்ந்தே வரும். பச்சை என்றும் சொல்ல முடியாத, சாணி நிறம் என்றும் சொல்ல முடியாத ஒரு சாயம். முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்பு மை. பின்னால் தார்ப்பாய் போட்ட கூண்டு. அது போன பிறகும் கொஞ்ச நேரம் சாலையில் நிற்கிற பெட்ரோல் வாசனை. என் அம்மா அந்தச் சத்தம் கேட்டதும் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். நான் கதவிடுக்கில் மூக்கை வைத்து அந்த வாசனையாவது கிடைக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது பெட்ரோல் பங்க் பக்கம் போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் எனக்கு அலர்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு கொள்ளிடத்தின் வடகரையில் இருந்தது. தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம் தெரியும். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். பூவனும் ரஸ்தாளியும் போட்டிருந்தார். இலைக்கட்டும் தாருமாக மாட்டு வண்டியில் ஏற்றி இரண்டு பாலங்களையும் தாண்டி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, அப்புறம் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவுடன் பிறந்தவர். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் பாதி வேலை அவருடையதுதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கையால் பேசத் தெரியும். மீசையை முறுக்கினால் அப்பா. நெற்றியில் விரலை வைத்து வட்டம் போட்டால் அம்மா. மூக்கின் இடது பக்கத்தைக் கிள்ளினால் நான், ஏனென்றால் எனக்கு மூக்குக் குத்தியபோது ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேனாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல் நுனிகளைச் சேர்த்தால் கோபுரம். கோபுரம் என்றால் ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசிக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான். பாலத்தில் நடக்கும்போதே என் காலைத் தட்டித் தட்டி அந்தக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டே வருவார், என்னவோ நான் அதைப் பார்த்ததே இல்லாத மாதிரி.

காதுதான் இல்லையே தவிர, தரை அதிர்வதை அவரைப்போல யாரும் உணர்ந்ததில்லை. வண்டி வருகிறதா என்று வெறுங்காலால் தெரிந்துகொள்வார். முற்றத்தில் பித்தளைக் குடம் விழுந்தால் கொல்லையில் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நாங்கள் தரையில் ஓங்கிக் காலை உதைப்போம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருதடவை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் கையில் பூவன் பழம் இருந்தது. உரித்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருந்தார்.

"தெக்கே, காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்குங்க. வயசு கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் கேட்டுப் பாக்கலாம். எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்துடுவாங்க. பேரு, ஊராவது எழுதுவாரு."

அப்பா சிரித்தார். "அவன் பேச வேண்டியதெல்லாம் எங்ககிட்டதானே சார். எங்களுக்கு அவன் பேச்சு புரியுது. அவனுக்கு எங்க பேச்சு புரியுது. எழுதி யாருக்குக் காட்டப்போறான்?"

வாத்தியார் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்பா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தம்பியை வெளியே அனுப்பாமல் வைத்துக் காப்பாற்றுகிற அண்ணன் என்று ஊரில் அவருக்குப் பெயர். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

புயல் வந்தது ஐப்பசி முடிகிற சமயம். முதல்நாளே ஆகாயம் செம்பு நிறத்தில் இருந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இலை பறந்துவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு இலை போட்டாள். அதுவும் பறந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் வாழை முறிகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? தேக்கு, புளி மாதிரி மடமடவென்று முறியாது. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு 'சொத்' என்று விழும். ஒன்று விழுந்தது, பத்து விழுந்தது, பிறகு தோட்டம் முழுவதுமே ஒரே சத்தமாக ஆகிவிட்டது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, "போச்சு, போச்சு" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். ஒரு கையைச் சுவரில் வைத்திருந்தார். அவருக்குக் காற்றின் சத்தம் இல்லை, சுவரின் நடுக்கம் மட்டும்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் பயந்ததைவிட அதிகமாக அவர் பயந்திருந்தார்.

கூரை ஓடு பாதி போயிற்று. பொழுது சாய்ந்தபோது காற்று அடங்கியது. மழை அடங்கவில்லை.

விடிந்ததும் தலையாரி தப்பட்டை அடித்துக்கொண்டு வந்தார். ஆற்றில் தண்ணீர் கரை முட்ட வருகிறது, மேலே எங்கேயோ உடைத்துக்கொண்டுவிட்டது, எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று. எப்படிக் கிளம்புவது? சாலையின் இரண்டு பக்கத்திலும் இருந்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. ஒரு வண்டிகூட நகர முடியாது. பெண்கள் சாலை மேட்டில் பாத்திர மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அழுகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் அழுதார்கள். சேற்றுத் தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சித்தப்பாதான் முதலில் எழுந்தார். குனிந்து சாலையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் பெரிய சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். அப்பா, "லாரியா? இந்தச் சாலையிலயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்குச் சத்தம் கேட்டது.

பட்டாளத்து லாரிகள். முன்னால் வந்த லாரியில் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். சிப்பாய்கள் குதித்து இறங்கி, கோடாலியால் கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் சங்கிலியைச் சுற்றினார்கள். லாரி பின்னுக்கு உறுமியது. நூறு வருஷத்துப் புளியமரம் செத்த மாடு மாதிரி ஓரத்துக்கு இழுபட்டுப் போயிற்று. ஊரே வாயைப் பிளந்து நின்றது. சித்தப்பா ஓடிப்போய் அவர்களோடு கிளை இழுக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த இரண்டாவது லாரியை ஓட்டுகிறவர் தலைப்பாகை கட்டிய தாடிக்காரர். அவர் சித்தப்பாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைத் தின்னாமல் கொண்டுவந்து என் கையில் வைத்தார். செங்கல் மாதிரி கடினம். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

தமிழ் பேசுகிற ஒரு அவில்தார் இருந்தார். "பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் முதல் லாரி. ஆம்பளைங்க ரெண்டாவது லாரி. பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துல பள்ளிக்கூடத்துல இறக்கிவிடுவோம். சீக்கிரம் ஏறுங்க," என்றார்.

அம்மா ஏற மறுத்தாள். "பட்டாளத்து வண்டியில பொம்பளைங்க தனியா எப்படிப் போறது?" என்று அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளைத் திட்டித்தான் ஏற்றினார். மாடுகளை விட்டுவிட்டு அப்பாவால் வர முடியாது. தண்ணீர் ஏறுவதற்குள் அவற்றை மேட்டு வழியாக ஓட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்து வந்துவிடுவதாகச் சொன்னார். சித்தப்பாவை இரண்டாவது லாரியில் பெரிய பித்தளை அண்டாவோடு அனுப்புவதாக முடிவு செய்தார். "அது சர்க்கார் வண்டி. நம்ம வண்டியைவிட பத்திரம்," என்றார். மீசையை முறுக்கி, மாட்டுக் கொம்பைக் காட்டி, 'நான் பிறகு வருகிறேன்' என்று சித்தப்பாவுக்கு விளக்கினார். தலைக்கு மேல் கையைக் குவித்து, 'நீ ஸ்ரீரங்கம் போ' என்று காட்டினார்.

சித்தப்பா தலையாட்டினார். ஆனால் எங்கள் லாரி கிளம்பியதும் ஓடிவந்து பின்பலகையைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலையும் தூக்கி வைத்துவிட்டார். உள்ளே நின்ற சிப்பாய் அவர் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினான். கோபமாகத் தள்ளவில்லை. பெண்கள் வண்டி, அவ்வளவுதான். சித்தப்பா பலகையை விடாமல் கூடவே ஓடிவந்தார். என்னையே பார்த்தார். நான் அம்மா மடியிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல்களைச் சேர்த்துக் காட்டினேன். பிறகு பின்னால் நின்ற லாரியைக் காட்டினேன். மறுபடியும் கோபுரம்.

அவர் கையை விட்டார்.

கொள்ளிடப் பாலத்தில் லாரி ஊர்ந்து போனது. கீழே வைக்கோல் போர் ஒன்று முழுசாக மிதந்து போயிற்று. அதன் மேல் ஒரு கோழி நின்றது. இன்னும் என்னென்னவோ போயிற்று. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். நாங்கள் இறங்கிய கொஞ்ச நேரத்தில், பாலத்தில் இனி கனத்த வண்டி எதையும் விடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டதாம். இது எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் யாரோ பாதி போட்டுவிட்டுப் போன கணக்கு இருந்தது. தொன்னையில் சுடச்சுடப் புளியோதரை கொடுத்தார்கள். வெளியே லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த லாரிகளில் அரிசி மூட்டை இறக்கினார்கள், கம்பளி இறக்கினார்கள். ஆள் யாரும் இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா வந்தார். இரண்டு மாட்டில் ஒன்றுதான் கூட இருந்தது. மார்பு வரைக்கும் சேறு. வாசலில் நின்றபடியே, "அவன் எங்க?" என்றார்.

அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "உங்ககூட இல்லீங்களா?"

அப்பா உள்ளே நுழைந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். மாடு வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது.

பாலம் அடைபட்டதால் இரண்டாவது லாரியைச் சமயபுரத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "அவ நடக்க மாட்டாளே," என்றாள் அம்மா. "இவளைப் பாத்தா எங்க ஒளிஞ்சிருந்தாலும் ஓடி வந்துடுவான்," என்றார் அப்பா. பாதி நடந்தேன், பாதி அவர் முதுகில் போனேன். வழியெல்லாம் தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் வடிந்த வயல்களிலிருந்து அழுகல் வாடை வந்தது.

சமயபுரத்தில் சத்திரங்கள் முழுக்க ஜனங்கள். அப்பா ஒவ்வொரு சத்திரத்திலும் நுழைந்து தரையில் ஓங்கி உதைத்தார். ஜனங்கள் மிரண்டு பார்த்தார்கள். யாரும் ஓடி வரவில்லை. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் போய் நின்றேன், அவர் கண்ணில் படுகிற மாதிரி.

கோவிலுக்கு எதிரே கடை போட்டிருந்த ஒரு பூக்காரம்மாதான் கடைசியில் கேட்டார். கடை காற்றில் போயிருந்தது. நாலு கம்பு மட்டும் நின்றது.

"காது கேக்காதவருங்களா? வாய் பேசாம? பெரிய அண்டா ஒண்ணு வச்சிருந்தாரே?"

அப்பா அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். "ஆமாம்மா. எங்க இருக்கான்?"

"அவரு இறங்கவே இல்லீங்க. எல்லாரும் இறங்கிட்டாங்க, இவரு மட்டும் வண்டியிலயே நின்னுக்கிட்டு மாட்டேன்னு தலையாட்டுறாரு. சிப்பாய் அண்டாவ இறக்கி வச்சுட்டாரு. அதை நான்தான் எடுத்து வச்சிருக்கேன். இவரு கையை இப்படித் தலைக்கு மேல குவிச்சுக் குவிச்சுக் காட்டுறாரு." பூக்காரம்மா காட்டினார். "நாங்க என்னத்தைக் கண்டோம்? ஆத்தா சன்னதிக்கு முன்னால நிக்குது வண்டி. கும்பிடறாருன்னு நெனச்சோம். நானும் கும்பிட்டேன். 'கோயிலு இதோ இருக்கு, இறங்குங்க'ன்னு கையைக்கூடப் பிடிச்சு இழுத்தேன். அழுதாருங்க. திரும்பத் திரும்ப அதையே காட்டுறாரு."

"அப்புறம்?"

"தாடிக்கார டிரைவருதான் பாவம்னு முன்னால தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. வண்டி சேத்துல மாட்டினப்ப இவரும் இறங்கித் தள்ளினாரு. பிறகு ஓடிப்போய் ஏறிக்கிட்டாரு. போயிட்டாங்க."

"எந்தப் பக்கம்?"

பூக்காரம்மா வடக்கே கையைக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "திருவெள்ளறைப் பக்கம் திரும்பினதா யாரோ சொன்னாங்க," என்றார்.

திருவெள்ளறைக்கும் போனோம். லாரி வந்தது, அரிசி போட்டது, போய்விட்டது என்றார்கள். முன்பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாராம், அரிசி மூட்டையும் இறக்கினாராம். சிப்பாய் என்று நினைத்தார்களாம்.

திரும்பி வரும்போது அப்பா அண்டாவைத் தலையில் வைத்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அதைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லாமல், "நான்தான் காட்டினேன். ஸ்ரீரங்கம் போன்னு நான்தான் காட்டினேன்," என்றார். கடைசியாகக் காட்டியது அவரில்லை, நான். சித்தப்பா பலகையை விட்டது என் கையைப் பார்த்துத்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்பா சாகிற வரைக்கும் சொல்லவில்லை. ஒரு ஏழு வயதுப் பிள்ளை சொல்லியிருந்தால் அவருடைய பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்குமோ, அல்லது கூடியிருக்குமோ, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

திருச்சிக்குத் தெற்கே, விமானம் இறங்குகிற பொட்டலை ஒட்டிப் பட்டாளத்து முகாம் இருந்தது. அப்பா மூன்று நாள் அதன் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா வெளியே வந்தார், நம்ம ஊர்க்காரர்தான். நல்ல மனிதர், அப்பாவை நிழலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

"அந்த லாரிங்க இப்ப இங்க இல்லீங்க. வெள்ளம் வடிஞ்சதுமே ரயில்ல ஏத்தி அனுப்பியாச்சு."

"எந்த ஊருக்குங்க?"

"அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது. யுத்தமில்லையா?"

"என் தம்பி அதுல இருக்கானான்னு மட்டும்..."

"பட்டாளத்துல சேராதவங்களப் பத்தி எங்ககிட்ட எழுத்து இருக்காதுங்க."

வாத்தியார்தான் மனு எழுதிக் கொடுத்தார். அடையாளம் என்று ஒரு பத்தி இருந்தது. உயரம், நிறம், வலது புருவத்தில் தழும்பு எல்லாம் எழுதினார்கள். பேர் எழுதினார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தரையில் உதைத்தால் திரும்புவான் என்று அப்பா சொன்னதையும் வாத்தியார் இங்கிலீஷில் எழுதினார். பல மாதம் கழித்து அச்சடித்த கடிதம் ஒன்று வந்தது. வாத்தியார் அதை இரண்டுதரம் தனக்குள் படித்துவிட்டுப் பிறகு சொன்னார்: "இந்தப் பேர்ல யாரையும் பட்டாளத்துல சேர்க்கலைன்னு எழுதியிருக்காங்க."

"சேத்தீங்களான்னு யாரு கேட்டா?" என்றார் அப்பா.

வாத்தியார் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். காது கேட்காதவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிய அந்தப் பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. அந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தோட்டத்தில் வண்டல் படிந்திருந்தது. அடுத்த வருஷம் வாழை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வந்தது. அதை வெட்ட ஆள் வைக்க வேண்டியிருந்தது. அண்டாவை அம்மா பரணில் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு ரேஷன் வந்தது. வீடு வீடாக ஆள் கணக்கெடுக்கக் குமாஸ்தா ஒருவர் வந்தார். முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். அப்பா வரிசையாகச் சொன்னார். தன் பேர், அம்மா பேர், என் பேர், தம்பி பேர். கடைசியில் சித்தப்பா பேரையும் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டே, "இவரு எங்க? பாக்கணுமே," என்றார்.

அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"அவன் பட்டாளத்துல இருக்கான்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். குரலே மாறிவிட்டது. "அப்படிங்களா? பட்டாளத்துக்காரர் வீடுங்களா இது? சந்தோஷம். அவங்களுக்குச் சாப்பாடு அங்கயே போட்டுடுவாங்க, இங்க அட்டையில சேக்க முடியாது," என்று எழுதியதை அடித்தார். "கடுதாசி வருதுங்களா?"

"எழுதப் படிக்கத் தெரியாது," என்றார் அப்பா.

யுத்தம் முடிந்து, சுற்று வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். டிரங்குப் பெட்டி, கம்பளி, புதுக் கடிகாரம். மார்க்கெட்டிலும் சாலையிலும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் அப்பாவிடம் கேட்டார்கள், உங்க தம்பி எப்ப வர்றாரு என்று. உள்ளது தெரிந்த ஊர்க்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும், அதைப் புதிதாக யோசித்துச் சொல்கிறவர் மாதிரி, கொஞ்சம் நின்று சொல்வார்:

"இன்னும் லீவு கெடைக்கலயாம்."